பதின்ம வயதினர் மாநாட்டுப் பயணம்: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திசையன்விளைப் பக்கத்துக் கிராமச் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்து வருகிறேன். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் சேகரத்துப் பிள்ளைகளைக் கொடைக்கானலில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை நடக்கும் கிறிஸ்தவப் பதின்ம வயதினர் மாநாட்டுக்கு அழைத்துச் செல்லும் குழுவிலும் இருக்கிறேன். மார்ச் மாதத்தில் ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்கப்பட்ட நாள் முதல் பேருந்து புறப்படும் நாள் வரை, கோயில் வாசலிலும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரே விதமான சந்தேகங்களை என்னிடம் கேட்கிறார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, சேகர குருவானவரும் கமிட்டியும் வாலிபர் சங்கமும் ஒப்புக்கொண்ட பதில்களைத் தொகுத்திருக்கிறேன். என் சொந்தக் கருத்து வரும் இடங்களில் அதை அப்படியே குறித்திருக்கிறேன்.

இது என்ன மாநாடு டீச்சர்? வி.பி.எஸ். மாதிரியா, கன்வென்ஷன் மாதிரியா?

இரண்டிலும் சேராது. விடுமுறை வேதாகமப் பள்ளி நம் கோயில் வளாகத்திலேயே சிறு பிள்ளைகளுக்காகப் பாட்டும் கதையும் கைவேலையுமாக நடப்பது. கன்வென்ஷன் என்றால் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஊரே உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்பது. இந்த மாநாட்டில் பல ஊர்ச் சபைகளின் பிள்ளைகள் ஒரே வளாகத்தில் தங்குகிறார்கள். காலையில் தனித் தியானத்துக்கு நேரம் உண்டு. அதன்பின் வேதபாடம், சிறு குழுக்களில் கலந்துரையாடல், பிற்பகலில் விளையாட்டு, மாலையில் எல்லோரும் கூடிப் பாடலும் செய்தியும்.

எட்டுப் பத்துப் பேர் உட்காரும் அந்தச் சிறு குழுதான் மாநாட்டின் உயிர் என்பது என் எண்ணம். மேடையில் பேசியவரின் பெயரைப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். ஆனால் தென்காசியிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ வந்த ஒரு பிள்ளை, தன் வீட்டிலும் இதே சண்டைதான் என்று குழுவில் சொன்னதைப் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

எத்தனை வயசுப் பிள்ளைங்க வரலாம்?

பதின்மூன்று முதல் பதினெட்டு வரை, அதாவது எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள் வரலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்து, முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறோம். அக்காள் போகிறாள் என்பதற்காகப் பத்து வயதுத் தம்பியை உடன் அனுப்ப இயலாது.

நம்ம கோயில்லயே ஆராதனை, பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி எல்லாம் இருக்கே. பிறகு என்னத்துக்கு மலை ஏறணும்?

நம் பகுதிக் கிறிஸ்தவத்தின் பெரும்பகுதி கிராமங்களாக வளர்ந்தது. 1799-இல் முதலூர் உருவானது முதல் இடையன்குடி, மெஞ்ஞானபுரம், நாசரேத் என்று கோயிலைச் சுற்றியே வீடுகளும் பள்ளியும் அமைந்த ஊர்கள் நமக்கு உண்டு. இப்படிப்பட்ட ஊரில் பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானத் தொட்டி முதல் கல்லறைத் தோட்டம் வரை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இது பெரிய ஆசீர்வாதம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே சமயம் அந்தப் பிள்ளை எப்போதும் இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகள் என்றே வாழ்கிறது. மனத்தில் இருக்கும் கேள்வியை வாய்விட்டுக் கேட்டால், மதியத்துக்குள் அது பாட்டியின் காதுக்குப் போய்விடும் என்று அதற்குத் தெரியும். யாரும் தன்னை அறியாத இடத்தில் மூன்று நாள் இருப்பது, நம் ஊரில் கிடைக்காத ஒரு சுதந்திரத்தை அதற்குத் தருகிறது.

வெளியூர் போய்க் கண்டதை ஊருக்குக் கொண்டுவந்த முன்னோடியும் நமக்கு இருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராக ஊர் ஊராகச் சென்றவர். அவர் 1902-இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த சிறிய தமிழ்ச் சபை தன் சொந்தக் காணிக்கையால் அருட்பணியாளர்களை வெளியே அனுப்புவதைக் கண்டார். நம் திருநெல்வேலிச் சபையால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் (ஐ.எம்.எஸ்.) பிறந்தது. அவர் 1912-இல், இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்னக்கலின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. நம் கோயிலில் இன்றும் ஐ.எம்.எஸ். காணிக்கை எடுக்கிறோம், அந்தக் காணிக்கைக்குப் பின்னால் ஓர் இளைஞனின் பயணம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு முறையும் பேருந்திலேயே சொல்லிவிடுவேன்.

எவ்வளவு ஆகும்? இப்போ பதனி சீசன், கருப்பட்டி வித்தாத்தான் கையில காசு. முழுசா ஒரே தடவையில கட்ட முடியாதே?

சென்ற முறை ஒரு பிள்ளைக்கு 2,600 ரூபாய் ஆனது. அதில் ஏறக்குறையப் பாதி பேருந்து வாடகை. மீதி தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாநாட்டுப் பதிவுக்கும். இரண்டு தவணையாகக் கட்டலாம். இரண்டாம் தவணைக்குக் கடைசி நாள் என்று நாங்கள் அறிவிப்பது பேருந்துக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டியிருப்பதால்தான். கருப்பட்டி வியாபாரி பணம் தர ஒரு வாரம் தள்ளிப்போகும், பீடிக் கூலி சனிக்கிழமைதான் வரும் என்றால், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கட்டவே இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தனி நிதி இருக்கிறது. டிசம்பரில் வாலிபர் சங்கம் கேரல் பவனி போய்ப் பெற்ற காணிக்கையில் ஒரு பகுதியையும், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சிலர் இதற்கென்றே எடுக்கும் பொருட்களின் பணத்தையும் அதில் சேர்க்கிறோம். யாருக்கு அந்த நிதியிலிருந்து கொடுத்தோம் என்பது குருவானவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பேருந்தில் எந்தப் பிள்ளைக்கும் அது தெரியாது, தெரியவும் கூடாது.

கணக்கு காட்டுவீங்களா?

திரும்பி வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவும் செலவும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ரசீதுகள் கமிட்டிச் செயலரிடம் இருக்கும். மிச்சம் வந்தால் அது அடுத்த ஆண்டின் உதவி நிதிக்குப் போகும்.

எப்படிப் போறோம்? ராத்திரி வண்டியா?

இரவுப் பயணம் இல்லை. வாடகைப் பேருந்து வெள்ளிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குக் கோயில் வாசலில் இருந்து புறப்படும். திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர், மதுரை வழியாக வத்தலக்குண்டு சென்று மலை ஏறும்போது நல்ல பகல் வெளிச்சம் இருக்கும். ஞாயிறு மாலை மாநாடு முடிந்தாலும் அன்றிரவும் அங்கேயே தங்கி, திங்கள்கிழமை காலையில்தான் இறங்குகிறோம். ஒரு நாள் வாடகை கூடுகிறது என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். மூன்று நாள் தூக்கம் குறைந்த ஓட்டுநரோடு இருட்டில் மலை இறங்குவதைவிட அந்த வாடகை மலிவு என்று குருவானவர் முடித்துவிட்டார்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வாடகை வாகனங்களுக்கும் சொந்த வாகனங்களுக்கும் இ-பாஸ் தேவைப்படுகிறது. அரசுப் பேருந்துகளுக்குத் தேவையில்லை. எங்கள் பேருந்துக்கு அதை முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம். வேறு சேகரத்தார் யாராவது ரயிலில் கொடைரோடு வரை போக நினைத்தால், 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதையும், ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஆறு பேருக்கு மேல் எழுத முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளவும். முதல் சில ஆண்டுகள் நாங்களும் ரயிலில்தான் போனோம். முப்பது பிள்ளைகளையும் அவர்கள் பைகளையும் கொடைரோட்டில் இறக்கி மறுபடியும் பேருந்தில் ஏற்றுவது பெரும்பாடாக இருந்ததால் விட்டுவிட்டோம்.

பொம்பளப் புள்ளைய மூணு ராத்திரி வெளியூர்ல விடுறதுக்கு மனசு கேக்க மாட்டேங்குது. யாரு கூட இருப்பா?

மனம் கேட்காமல் இருப்பது இயற்கை. நானும் மகளைப் பெற்றவள்தான். ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் வருகிறோம். பெண் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அனைவரும் பெண்கள்; அவர்கள் பிள்ளைகளின் அறைக்குள்ளேயே படுக்கிறார்கள். பெண்கள் தங்கும் கட்டடமும் ஆண்கள் தங்கும் கட்டடமும் வேறு வேறு. இரவு ஒன்பதரைக்குப் பிறகு எந்தப் பிள்ளையும் தனியே வெளியே போவதில்லை.

எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்ட ஒரு கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். உடன் வரும் எந்தப் பெரியவரும், அவர் யாராக இருந்தாலும், ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியே இருக்கக்கூடாது. தனியாகப் பேச வேண்டுமானால் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் திண்ணையிலோ புல்வெளியிலோ பேசலாம். ஊழியக்காரர்மீது சந்தேகமா என்று ஒருவர் வருத்தப்பட்டார். இது சந்தேகத்தால் வந்த விதி அன்று. பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த தாய்மாருக்கு நாங்கள் செலுத்தும் கடன்.

அங்க ரொம்பக் குளிருமா? என்னவெல்லாம் கொடுத்து விடணும்?

நம் ஊரில் கத்திரி வெயில் அடிக்கும்போது அங்கே இரவில் பன்னிரண்டு டிகிரி அளவுக்கு இறங்கும். ஒரு ஸ்வெட்டர், காதை மறைக்கும் துணி, காலுறை, போர்வை போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்வெட்டர்கள் ஊரில் எத்தனையோ பெட்டிகளில் கிடக்கின்றன, கேட்டால் தருவார்கள். வேதாகமம், நோட்டு, பேனா கட்டாயம். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொடுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது. மலைப்பாதையில் வாந்தி வரும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழமும் இரண்டு காலிப் பைகளும் கொடுத்துவிட்டு, அதை என்னிடம் சொல்லிவிட்டால் முன் இருக்கையில் உட்கார வைப்பேன்.

அக்கா, போன் கொண்டு வரலாமா?

கொண்டு வரலாம். பகல் நிகழ்ச்சிகளின்போது உன் குழுவின் பொறுப்பாளரிடம் இருக்கும். மாலை ஏழு மணி முதல் ஏழரை வரை வீட்டுக்குப் பேசலாம். படுக்கும் முன் மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: இடையில் பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். மதியமும் இரவும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நலச் செய்தி போடுகிறோம். அவசரமானால் எங்கள் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளைகளின் படங்களை அந்தக் குழுவுக்கு வெளியே நாங்கள் யாரும் பகிர்வதில்லை, நீங்களும் பகிராதிருங்கள்.

அவனுக்கு வீசிங் உண்டு. சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டீங்களோன்னு பயமா இருக்கு.

சொல்லாமல் விடுவதுதான் பயப்பட வேண்டியது. ஒப்புதல் படிவத்தின் பின்பக்கத்தில் நோய்கள், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாத உணவு ஆகியவற்றை எழுத இடம் விட்டிருக்கிறோம். வீசிங் உள்ள பிள்ளைகள் பலர் வந்து நலமாகத் திரும்பியிருக்கிறார்கள். இன்ஹேலர் இரண்டு வேண்டும், ஒன்று பிள்ளையிடமும் மற்றொன்று எங்களிடமும். குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வலிப்பு இருந்தாலும் அப்படியே. மாதவிலக்குச் சமயம் என்பதற்காக எந்தப் பெண் பிள்ளையும் நின்றுவிட வேண்டாம்; தேவையான எல்லாம் எங்கள் பையில் இருக்கும், கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை, எடுத்துக்கொள்ளலாம். புறப்படும் நாளில் காய்ச்சல் இருந்தால் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

ஒரு வருஷம் ஒரு பையனை வழியிலேயே விட்டுட்டுப் போய்ட்டீங்களாமே? ஒரு நாள் பூரா தேடினீங்களாமே?

விட்டுவிட்டுப் போனது உண்மை. ஒரு நாள் தேடினோம் என்பது உண்மையில்லை, நாற்பது நிமிடம். விருதுநகர் தாண்டி நான்கு வழிச்சாலை ஓரத்தில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். ஒரு பையன் கடைசி நேரத்தில் மறுபடியும் கழிப்பறைக்குப் போயிருக்கிறான். நான் தலைகளை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக வந்தது. பேருந்தின் கிளீனர், பதினெட்டு வயது இருக்கும், பின் இருக்கையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். நாலைந்து கிலோமீட்டர் போன பிறகு, தன் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதை ஒரு பையன் சொன்னான். அந்தச் சாலையில் திரும்புவதற்கான இடைவெளி வரும் வரை இன்னும் முன்னேதான் போக வேண்டியிருந்தது. நாங்கள் சென்றபோது தேநீர்க் கடைக்காரர் அவனைக் கல்லாவின் அருகில் உட்கார வைத்துப் பன் கொடுத்திருந்தார்.

தவறு என்னுடையது. அவன் தாயாருக்கு அந்த இடத்திலிருந்தே நான் தொலைபேசியில் சொன்னேன். அவர் கோபப்பட்டார், அது நியாயமானது. அன்று முதல் எண்ணிக்கையை நம்புவதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் பெயர் வாசிக்கிறோம், பிள்ளை தானே பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. துணை ஏறாவிட்டால் தானும் ஏறக்கூடாது. பொறுப்பாளர்களின் எண்கள் எழுதிய அட்டை எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும். அந்தப் பையன் அடுத்த ஆண்டும் வந்தான். பெயர் வாசிக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தோம்.

என் கூட்டாளி கோயிலுக்கு வர்ற பையன் இல்ல, ஆனா அவனும் வரணும்னு ஆசைப்படுறான். ஆர்.சி. பிள்ளைகளும் வரலாமா?

வரலாம், ஒரு நிபந்தனையோடு. அவனுடைய தாயோ தகப்பனோ நேரில் வந்து என்னையும் குருவானவரையும் பார்க்க வேண்டும். இது வேதபாடமும் ஜெபமும் நடக்கும் கிறிஸ்தவ மாநாடு என்பதை எந்த மறைப்புமின்றி அவர்களுக்குச் சொல்லி, புரிந்து ஒப்புக்கொண்டால் மட்டுமே கையெழுத்து வாங்குவோம். சுற்றுலா என்று சொல்லிக் கூட்டிச் செல்வது பொய். அதை நாங்கள் செய்ய மாட்டோம். அங்கே எழுந்து நில், முழங்காற்படியிடு என்று அந்தப் பிள்ளையை யாரும் நெருக்கக்கூடாது என்பதை அவனுடைய குழுத் தலைவரிடமும் சொல்லிவைப்போம். கால்பந்து ஆடுவதற்காகவே வந்து, ஆடிவிட்டு, நல்ல நண்பர்களோடு திரும்பியவர்கள் உண்டு. அதில் எங்களுக்குக் குறையில்லை.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் இதே முறைதான். ஞாயிறு திருப்பலிக்குப் போக விரும்பினால், கொடைக்கானலில் உள்ள சலேத் அன்னை ஆலயத்துக்கு ஒரு பெரியவர் அழைத்துச் சென்று கூட்டி வருவார்.

அங்க போனா கை தட்டி, அந்நிய பாஷை பேசி, மறுஞானஸ்நானம் எடுத்துட்டு வந்திருவானோ?

எல்லாக் கேள்விகளிலும் அதிகமாக, அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுவது இதுதான். அந்நிய பாஷை என்பது ஜெபத்தில் தெரியாத மொழியில் பேசுவது; மறுஞானஸ்நானம் என்பது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் மறுபடியும் பெறுவது. மாநாட்டில் ஞானஸ்நானம் யாருக்கும் கொடுப்பதில்லை, நற்கருணையும் இல்லை. சேருவதற்கு முன்பே இதை அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறோம். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, பிறகு பேராயர் கையால் திடப்படுத்தல் (வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டு உறுதிப்படும் சடங்கு) பெறும் நம் சபையின் முறையைப் பற்றிப் பிள்ளைக்குக் கேள்வி எழுந்தால், உன் குருவானவரிடம் கேள் என்றுதான் அங்கே சொல்வார்கள். எங்கள் குருவானவரும் அப்படி வரும் பிள்ளைகளுக்காகவே ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வைக்கிறார்.

கை தட்டுவார்கள், அது உண்மை. கிட்டாரும் டிரம்ஸும் இருக்கும். பாமாலையும் கீர்த்தனையும் குறைவாகவே இருக்கும். திரும்பி வந்த பிள்ளை நம் ஆராதனை சலிப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூடும். சொன்னால் திட்டாதீர்கள். நாங்கள் அப்படிச் சொன்ன பிள்ளைகளிடம் வேதபாட வாசிப்பைக் கொடுத்திருக்கிறோம், பாடகர் குழுவில் சேர்த்திருக்கிறோம். ஒரு கீர்த்தனையை நான்கு குரலில் பாடக் கற்ற பிறகு அதைச் சலிப்பு என்று சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

இவன் ஏடாகூடமாக் கேள்வி கேப்பான். குருவானவர் ஐயா கிட்டயே, டைனோசர் ஏன் பைபிள்ல இல்லன்னு கேட்டவன். அங்க போய்க் கேட்டா நமக்கு அவமானம் இல்லையா?

அவனைக் கட்டாயம் அனுப்புங்கள். பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமில் பின்தங்கியபோது, பெற்றோர் அவரை மூன்று நாளுக்குப் பிறகு தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் கண்டார்கள். அவர் கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். நம் வீடுகளில் அந்தப் பகுதியைக் கீழ்ப்படிதலுக்கான பாடமாக மட்டும் படிக்கிறோம். கேள்வி கேட்கும் பிள்ளை இன்னும் கோயிலுக்குள்ளேதான் இருக்கிறது. பதினாறு வயதுவரை ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிய பிள்ளைகள் கல்லூரிக்குப் போன முதல் ஆண்டிலேயே சத்தமின்றிக் கோயிலை விட்டுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். என் கவலையெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

போக மாட்டேன்னு அடம் பிடிக்கா. கட்டாயப்படுத்தி அனுப்பலாமா?

வேண்டாம். புது போன் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டியும் அனுப்ப வேண்டாம். ஏன் விருப்பமில்லை என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். சில சமயம் உடன் வரும் இன்னொரு பிள்ளையின் கேலிதான் காரணமாக இருக்கும். அதை எங்களிடம் சொன்னால் சரிசெய்ய முயல்வோம். அடுத்த ஆண்டும் பேருந்து இருக்கிறது.

அங்க எம்புள்ள மனசுவிட்டு என்ன சொன்னாலும் எங்ககிட்ட சொல்லிருவீங்கள்ல?

எல்லாவற்றையும் சொல்ல மாட்டோம். ஒரு பிள்ளை தன் பயத்தையோ, படிப்பில் உள்ள வெறுப்பையோ, யார்மீதோ வந்த ஈர்ப்பையோ நம்பிக்கையோடு சொன்னால், அதை மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். அதை நீயே அம்மாவிடம் சொல், வேண்டுமானால் நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொல்வோம். பெரும்பாலும் பிள்ளைகள் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் மறைக்க மாட்டோம்; பிள்ளையிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு யாராவது பாலியல் தீங்கு செய்தது தெரியவந்தால், 2012-இன் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை. தெரிவிக்காமல் விடுவதே குற்றம். செய்தவர் உறவினரானாலும், சபையில் பெரியவரானாலும், கோயிலுக்கு நிலம் எழுதிக் கொடுத்த குடும்பமானாலும் இதில் மாற்றமில்லை. பிள்ளைகளின் அட்டையில் எங்கள் எண்களோடு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அச்சிடப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

போன வருஷம் அனுப்பினேன். அழுதான், ஜெபிச்சான்னு சொன்னீங்க. வந்து ஒரு மாசத்துல பழையபடி ஆயிட்டான். பிறகு அனுப்பி என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வேதனையை அறிவேன். மாநாட்டின் கடைசி இரவில் பாடல் நடக்கும். பேசுபவர் தங்களை அர்ப்பணிக்க விரும்புகிறவர்களை அழைப்பார். பல பிள்ளைகள் அழுவார்கள். அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கமின்மை, குளிர், நண்பர்களின் நெருக்கம், பிரியப்போகும் வருத்தம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஓர் இரவில் பிறந்ததை ஒரு மாதத்தில் அளந்து பார்ப்பது, விதைத்த பனங்கொட்டையைத் தினமும் தோண்டிப் பார்ப்பது போன்றது. பனை பலன் தர எத்தனை ஆண்டு ஆகும் என்று நம் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை திரும்பி வந்த பிறகு காலையில் எழத் தாமதித்தாலோ, தங்கையோடு சண்டையிட்டாலோ, மதிப்பெண் குறைந்தாலோ, நம் வீடுகளில் ஒரு வாக்கியம் வருகிறது: மாநாட்டுக்குப் போய்ட்டு வந்தும் இப்படியா? மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் பிள்ளை கொடைக்கானலில் மிக உண்மையாக ஜெபித்தாள். வீட்டில் அந்த வாக்கியத்தை நான்கு மாதம் கேட்ட பிறகு, இனிமேல் எந்தக் கூட்டத்திலும் கையைத் தூக்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அவளைத் தடுத்தது சாத்தானும் அன்று, சினிமாவும் அன்று. பெற்றோரே, உங்கள் பாதம் தொட்டுக் கேட்கிறேன், அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். மாநாட்டுக்குப் போகாத பிள்ளையைக் கண்டிப்பது போலவே போன பிள்ளையையும் கண்டியுங்கள். அவனுடைய ஜெபத்தை அவனுக்கு எதிரான சாட்சியாக்காதீர்கள்.

எங்கள் பக்கத்திலும் குறை இருந்தது. முன்பெல்லாம் பேருந்தை விட்டு இறங்கியதும் பிள்ளைகளை விட்டுவிடுவோம். அடுத்து அவர்களைப் பற்றி நினைப்பது அடுத்த மார்ச்சில்தான். இப்போது மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு ஆராதனைக்குப் பின் அதே சிறு குழுக்கள் ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தில் முக்கால் மணி நேரம் கூடுகின்றன. மாநாட்டுக்கு வராத பிள்ளைகளும் அதில் சேரலாம்.

அக்கா, அன்னைக்கு நைட் நானும் முன்னால போய் நின்னேன். இப்போ உள்ளுக்குள்ள ஒண்ணுமே தோணல. நான் கடவுள்கிட்ட பொய் சொல்லிட்டேனா?

இல்லை. அன்றைக்கு நீ அறிந்த அளவில் உண்மையாகவே நின்றாய். தோன்றுவது வரும், போகும். எனக்கும் நாற்பது வயதுக்குப் பிறகும் அப்படித்தான். பதினோராம் வகுப்புப் பாடம், வீட்டுப் பிரச்சினை, தூக்கம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்றும் தோன்றாத நாளில் நீ இதை வந்து கேட்கிறாய் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

மேலே சொன்ன குழு இந்த ஞாயிறு கூடுகிறது. வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் சரிதான். இதே கேள்வியை உன்னைப் போல் இன்னும் இரண்டு பேர் இந்த மாதம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் யார் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இருவரும் அங்கே வருவார்கள்.